பெருமீனும் பெருந்தன்மையும்

மீன்பாடும் தேனாட்டு மக்களுக்கு மீனைப் பற்றி எழுதப் புகுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். வாவியின் எந்த மூலையில், எந்த மாதத்தில், எந்த மீன் படும் என்பதை இங்குள்ள சிறுவனும் சொல்லுவான். ஆயினும், நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சோற்றுக்காகப் பிடிக்கும் மீன் அன்று. ஆழ்கடலிலே பெருமீன்களைத் தூண்டிலாற் பிடிப்பதை விளையாட்டாகவும் வீரமாகவும் கொண்டு, அவற்றின் நிறையை ஏட்டிற் பதிந்து போற்றும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியது இக்கட்டுரை. அவர்களுடைய சாதனைகளை வாசிக்கத் தொடங்கியபோது என்னை வியப்பில் ஆழ்த்தியவை மீன்களின் நிறைகள் அல்ல. அந்த நிறைகள் ஏட்டில் ஏறுமுன் அம்மனிதர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட தடைகளே.

இவ்விளையாட்டுக்கு ஒரு வரம்பு தோன்றிய ஆண்டு 1898 எனலாம். கலிபோர்ணியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா கற்றலீனாத் தீவிலே, சார்ள்ஸ் பிரெடரிக் ஹோல்டர் என்பவர் 183 இறாத்தல் நிறையுள்ள சூரை ஒன்றைக் கோலும் மெல்லிய நூலும் கொண்டு பிடித்தார். அதுவரை அங்கே தடித்த கயிறுகளைப் படகிலிருந்து எறிந்து, அகப்பட்டவற்றை எல்லாம் இழுத்துப் போட்டு, தின்பாரின்றி அழுகவிடுவது வழக்கமாயிருந்தது. ஹோல்டரின் மனம் அதைப் பொறுக்கவில்லை. அவ்வாண்டிலேயே சூரைக் கழகம் ஒன்றை அவர் நிறுவினார். கோலும் மெல்லிய நூலுமே கருவி; மீனுக்கும் தப்பிப் பிழைக்க ஒரு வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பதே அக்கழகத்தின் கொள்கை. வலியவன் தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டு போருக்குப் போவது போன்றது இது. புறமுதுகிட்டவன்மேலும் படைக்கலம் இழந்தவன்மேலும் வேல் எறியாத மறவரைப் பற்றிப் படித்த நமக்கு இக்கருத்துப் புதியதன்று.

பின்னர் 1939-இல் நியூயோர்க் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையிலே அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் மைக்கேல் லேர்னர் என்னும் வணிகர். முதல் தலைவராக அமர்ந்தவரோ வில்லியம் கிங் கிரகரி என்னும் விஞ்ஞானி. உலகச் சாதனைகளைப் பதியும் பொறுப்பு இச்சங்கத்துடையது. அதன் விதிகளைப் பாருங்கள். தூண்டில் மாட்டியது முதல் மீன் படகருகே வரும்வரை ஒருவரே போராட வேண்டும். கோலையோ நூலையோ வேறொருவர் கை தீண்டினால் அந்த மீன் கணக்கிற் சேராது. மின்விசையால் நூலைச் சுற்றுதல் கூடாது. போராட்டத்தினிடையே கோல் முறிந்தாலும் சாதனை போயிற்று. பயன்படுத்திய நூலிலே ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பவும் வேண்டும். நூல் எத்தனை இறாத்தல் தாங்குமோ அதற்கேற்பச் சாதனைகள் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. ஆகையால், மெல்லிய நூலிற் பிடித்த சிறு மீன், தடித்த நூலிற் பிடித்த பெருமீனுக்கு ஈடான புகழைப் பெறுதல் கூடும்.

இந்த விதிகளுக்கு உட்பட்டு நின்ற சாதனைகளில் இரண்டைச் சொல்லுகிறேன். 1953 ஓகஸ்ட் 4-ஆம் நாள், பெரு நாட்டின் கபோ பிளாங்கோ கடலிலே அல்பிரெட் கிளாசெல் என்னும் அமெரிக்கர் 1,560 இறாத்தல், அதாவது 707 கிலோ நிறையுள்ள கருமார்லின் ஒன்றைப் பிடித்தார். ஈட்டி போல நீண்ட மூக்குடைய மீன் அது. அதனோடு அவர் போராடியது ஒன்றேமுக்கால் மணி நேரம். 1959 ஏப்ரலில் தென் அவுஸ்திரேலியாவின் செடூனாவுக்கு அண்மையில் அல்ப் டீன் என்னும் விவசாயி 2,664 இறாத்தல், அதாவது 1,208 கிலோ நிறையுள்ள வெண்சுறாவைப் பிடித்தார். இவ்விரு சாதனைகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முறியடிக்கப்படவில்லை. டீனின் சாதனை இனி முறியடிக்கப்படுவதும் அரிது. ஏனெனில், அவுஸ்திரேலியா உட்படப் பல நாடுகளிலே வெண்சுறா இன்று சட்டத்தின் காவலில் வாழ்கிறது.

ஏட்டில் ஏறிய மீன்களைவிட, ஏறாமற்போன மீன்களின் கதையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1976-இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனியிலே டீனின் சுறாவைவிடப் பெரிய வெண்சுறா ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. நிறை 1,537 கிலோ. ஆனால், இரையாக இடப்பட்டது திமிங்கில இறைச்சி. பாலூட்டி உயிர்களின் இறைச்சியை இரையாக இடுதல் கூடாது என்பது விதி. ஆகவே சாதனை ஏற்கப்படவில்லை. அண்மையில், 2023 ஜூன் மாதம், அமெரிக்காவின் வட கரோலினாவிலே நடந்த மார்லின் போட்டியொன்றில் ஒரு படகினர் 619 இறாத்தலுக்கு மேற்பட்ட நீலமார்லினைக் கரை சேர்த்தனர். போட்டியிலேயே மிகப் பெரிய மீன் அது. பரிசோ ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் டொலர். ஆயினும், கரைக்கு வருமுன் சுறா கடித்த அடையாளம் மீனின் உடலில் இருந்தது. காயம்பட்ட மீன் முழு வலிமையோடு போராடியிராது என்பது நியாயம். பரிசு வேறு படகுக்குப் போயிற்று.

இந்த இடத்திலே இலக்கிய அன்பர்களுக்கு ஒரு கிழவனின் நினைவு வராமற் போகாது. 1952-இல் வெளிவந்த, ஹெமிங்வே எழுதிய ‘கிழவனும் கடலும்’ என்னும் குறுநாவலின் நாயகன் கரைக்குக் கொண்டுவந்தது மார்லினின் எலும்புக்கூட்டை மட்டுமே. தசை முழுவதையும் சுறாக்கள் தின்றுவிட்டன. ஹெமிங்வே தாமே இவ்விளையாட்டில் வல்லவர். மேற்சொன்ன சங்கத்தின் உபதலைவர்களுள் ஒருவராகவும் இருந்தவர். அக்கதை 1958-இல் திரைப்படமாக வெளிவந்தபோது, கிளாசெல் பிடித்த மார்லின் துள்ளும் காட்சிகள் அதிலே சேர்க்கப்பட்டன. விதிகளின்படி பார்த்தால் கிழவன் தோற்றவன். அவன் மீன் எந்த ஏட்டிலும் ஏறாது. ஆயினும், அக்கதையை மூடிவைக்கும் எவரும் அவனைத் தோற்றவன் என்று சொல்லத் துணியார். தான் கொல்லப்போகும் மீனைச் சகோதரனாக எண்ணியவன் அவன். தராசு எடுத்துச் சொல்ல முடியாத ஒன்று அவனிடத்தே இருந்தது.

அந்த ஒன்று நம் பழைய நெய்தல் நிலத்திலும் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். குறுந்தொகையிலே, வளைந்த திமிலில் ஏறிய பரதவர் உலர்ந்த மூங்கிற் காம்பிலே கூரிய எறியுளியைப் பொருத்திக் கோட்டுமீன்மேல் எறிகின்றனர். அந்த ஆரவாரத்தில் கரையிலிருந்த அன்னங்கள் வெருவிப் பறக்கின்றன. தூண்டிற்கோல் இன்றியே நம்மவர் நடத்திய பெருமீன் வேட்டை இது. பட்டினப்பாலை அதற்கு அடுத்த காட்சியைக் காட்டுவது போல இருக்கிறது. நிறைமதி நாளிலே பரதவர் கடல் வேட்டத்துக்குச் செல்வதில்லை. சினைச் சுறாவின் கோட்டை நட்டு, அதனைத் தெய்வமாக வழிபட்டு, ஓய்ந்திருக்கின்றனர். வாள்போன்ற அக்கோட்டையுடைய மீனை நாம் வேளா என்கிறோம். வேட்டையாடியவன் தன் வெற்றியின் அடையாளத்தை வீட்டுச் சுவரிலே மாட்டவில்லை. அதன் முன்னே கைகூப்பி நின்றான். கொன்றது உண்மை, கொன்றதற்காக அஞ்சியதும் உண்மை. அந்த வேளா மீன் இன்று உலகெங்கும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இலங்கைக் கடலிலும் அதைக் காண்பது அரிதாகிவிட்டது.

கல்லடிக் கரையிலே கரைவலை இழுப்போரைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் அறிவர். அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்துப் பலர் கூடி இழுக்கும் வலையிலே, மீனை யார் பிடித்தார் என்ற கேள்விக்கு இடமில்லை. பட்டது பங்காகப் பிரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பாலமீன்மடு முகத்துவாரத்தருகே தோணியை நிறுத்தியிருந்த முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். “ஐயா, நீங்கள் பிடித்த மீன்களிலே பெரியது எது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கடல் தந்தது மனே, நான் பிடிச்ச எண்டு சொல்லப்படா” என்றார். நிறையைச் சொல்ல அவருக்கு மனமில்லை. சங்கத்தின் விதிப்படி ஒருவன் கை மட்டுமே மீனைக் கரைசேர்க்க வேண்டும். இம்முதியவரின் கணக்கிலோ அந்த ஒருவனும் இல்லை. இரு வழிகளும் வேறு வேறு. எனினும், ‘என்னால் ஆகும்’ என்ற செருக்குக்கு வேலி இடுவதில் இரண்டும் ஒன்றே.

இந்த வேலி இன்று ஏன் வேண்டும் என்பதற்கு நம் வாவியே சான்று. வாவியின் பெருமீன் கொடுவா. தூண்டிற்காரர் உலகெங்கும் விரும்பித் தேடும் மீனும் அதுவே. அதன் வாழ்க்கையிலே ஒரு விந்தை உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறுவது. ஆகவே, உருவிற் பெரிய கொடுவா அநேகமாக இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும் தாய். உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியிலே அது முட்டையிடும். குஞ்சுகள் வாவிக்குள் வந்து சதுப்புகளிலும் கண்டற் காடுகளிலும் வளரும். மார்லினின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆண் மார்லின் சிறியது, சாதனைக்குரிய மிகப் பெரிய மார்லின்கள் பெண்களே. அப்படியானால், ‘இதுவரை கண்டிராத பெருமீன்’ என்று நாம் கொண்டாடும்போது பெரும்பாலும் ஒரு தாயின் முடிவையே கொண்டாடுகிறோம். சட்டம் தடுத்த தங்கூசி வலைகள் குஞ்சுகளை வாரிச் செல்ல, தூண்டில்கள் தாய்களைக் கொண்டுபோனால், இடையிலே எஞ்சுவது என்ன? அரசு தன் கடமையைச் சிறிது செய்துள்ளது. கசையைப் போல நீண்ட வாலையுடைய சுறா இனத்தைப் பிடிப்பது 2012-இலே இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஆனால், ஆழ்கடலிலே தனித்து நிற்கும் மனிதனைக் காவல்காரன் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அங்கே அவனுக்குக் காவல் அவன் மனமே.

சாதனை வீரர்களும் இதனை உணர்ந்துவிட்டனர். இன்று மார்லின் போட்டிகள் பலவற்றிலே, பிடித்த மீனுக்கு அடையாளச் சீட்டுக் குத்திக் கடலிலேயே விட்டுவிடுகின்றனர். தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும் வட்டத் தூண்டில்களைப் பயன்படுத்துகின்றனர். 2011 முதல் அனைத்துலகச் சங்கம் நீளத்தை அளந்து உயிரோடு விட்ட மீன்களுக்கும் சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது. தராசில் ஏற்றவேண்டுமானால் மீனைக் கொல்ல வேண்டியிருக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது பிழைக்கும். ஒரு கருவியை மாற்றியதால் ஓர் அறம் இலகுவாயிற்று.

உயிரை அலைக்கழித்து விளையாடி, பின்பு விட்டுவிட்டதைப் பெருந்தன்மை என்பதா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. நெடுநேரம் போராடிக் களைத்த மீன்களிற் சில, விட்டபின்னும் மாள்வதுண்டு. அன்றியும், அன்றாடச் சோற்றுக்குத் தோணி தள்ளுபவனிடம் சென்று, ‘பிடித்ததை விடு’ என்று செல்வர் உபதேசிப்பது அழகன்று. அவனுக்கு அந்த மீன் பிள்ளையின் பாடப்புத்தகம். வீட்டு உலையின் அரிசி. ஆகவே, விளையாட்டுக்காரனின் விதியை மீனவன்மேற் சுமத்துவது என் கருத்தன்று. தேவைக்கு எடுப்பவனுக்குத் தேவையே எல்லையாகட்டும். தேவையின்றி எடுப்பவன் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளட்டும். எல்லை இல்லாதவன் எவனோ, அவனே இருவருக்கும் பொதுப்பகைவன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகிலேயே பெரிய மீனைப் பிடித்தவர் யார் என்று மாணவர் கேட்டால், கிளாசெலின் 1,560 இறாத்தலையும் டீனின் 2,664 இறாத்தலையும் தயங்காமற் சொல்லுங்கள். எண்கள் இளமனத்தை ஈர்க்கும். சொல்லியபின், முப்பத்தைந்து இலட்சம் டொலரை ஒரு சுறாக்கடிக்காக இழந்த படகினரின் கதையையும் சொல்லுங்கள். அடுத்த மாரியில் முகத்துவாரம் திறக்கும்போது, வாவியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் பெரிய கொடுவாவை அவர்களுக்குக் காட்டுங்கள். அது எத்தனை இறாத்தல் இருக்கும் என்று எண்ணுகிற பிள்ளை, அது தாயாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து எண்ணட்டும்.