புள்ளி தரும் வீட்டுப்பாடம்

மாலையில் வீடு திரும்பிக் கணக்கு நோட்டைத் திறக்கிறீர்கள். ஐந்தே கணக்குகள்தாம். ஆனாலும் பென்சிலைச் சீவுகிறீர்கள், தண்ணீர் குடிக்கிறீர்கள், அரை மணி கழிந்தும் முதல் கணக்கைத் தொடவில்லை. அதே நீங்கள் கைப்பேசியில் ஒரு விளையாட்டை எடுத்தால், தோற்கத் தோற்க இருபது முறை ஆடுகிறீர்கள்! இந்த ஈர்ப்பை வீட்டுப்பாடத்துக்குக் கொண்டுவர முடியுமா? அந்த நோக்கத்தோடுதான் புள்ளிகளும் பதக்கங்களும் தரும் பாட இணையதளங்களை அமைக்கிறார்கள். அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்போமா?

மணி அடித்த பெட்டி

இந்த எண்ணம் கணிப்பொறிக்கு முந்தியது. 1920-களில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியல் பேராசிரியர், நான்கு விசைகள் கொண்ட ஒரு பெட்டியைச் செய்தார. சிறு சன்னலில் வினா தெரியும்; சரியான விசையை அழுத்தவேண்டும். குறித்த எண்ணிக்கையில் சரியான விடைகள் சேர்ந்ததும் ஒரு மிட்டாய் விழும்படியும் அதில் ஏற்பாடு செய்திருந்தார்.

1953-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. எஃப். ஸ்கின்னர், தம் மகள் படித்த வகுப்பைப் பார்க்கச் சென்றார். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் போட்டது சரியா, தவறா என்பது அவர்களுக்கு உடனே தெரியவில்லை. இது அவர் மனத்தை உறுத்தியது. 1954-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கருவியைச் செய்து காட்டினார். விடையின் இலக்கங்களை நகர்த்தி அமைத்துவிட்டு ஒரு குமிழைத் திருகவேண்டும். விடை சரியானால் குமிழ் எளிதாகத் திரும்பும். கூடவே மணி அடிக்கும்படியும் செய்யலாம். தவறானால் குமிழ் அசையாது.

இன்றைய இணையதளமும் இதையேதான் செய்கிறது. நீங்கள் தரும் விடையை, சேமித்து வைத்துள்ள விடையோடு ஒப்பிடுகிறது. முடிவை உடனே சொல்கிறது. புள்ளியைக் கூட்டி உங்கள் பெயருக்கு நேரே எழுதிவைக்கிறது. பழைய பெட்டியைவிட இதற்கு நினைவாற்றல் அதிகம். எந்தப் பாடத்தில் எத்தனை முறை தவறினீர்கள், எத்தனை நாள் தொடர்ந்து வந்தீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். 2012-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட டுவோலிங்கோ என்னும் மொழி கற்பிக்கும் தளம் இவ்வாறு தொடர்ந்து வந்த நாள்களை எண்ணிக் காட்டுகிறது. அந்த நிறுவனம் இருப்பதும் அதே பிட்ஸ்பர்க்கில்தான்!

விதி மாறினால் ஆட்டம் மாறும்

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மாணவர் மூவரும், அருகிலிருந்த பள்ளியின் பத்தாம் வகுப்புக்காக இப்படி ஒரு சிறு தளத்தை அமைத்தோம். ஒரு கணக்குக்குப் பத்துப் புள்ளி என்பதே எங்கள் முதல் விதி. முதல் வாரம் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பதிவுகளைப் பார்த்தோம். பெரும்பாலோர் ஓம் விதியின் மிக எளிய கணக்குகளையே திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். குவிலென்சுக் கணக்குகளைத் தொட்டவர் சிலரே.

காரணம் எளிது. பத்து நிமிடத்தில் பத்து எளிய கணக்குப் போட்டால் நூறு புள்ளி. அதே பத்து நிமிடம் ஒரு லென்சுக் கணக்கோடு போராடினால் பத்தே புள்ளி. பிள்ளைகள் எங்கள் விதியைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்!

தவறிய கணக்கைத் திருத்தினால் இருபது புள்ளி என்று விதியை மாற்றினோம். சில கெட்டிக்காரர்கள் முதலில் வேண்டுமென்றே தவறாகப் போட்டுவிட்டுப் பிறகு திருத்தினார்கள்! மூன்றாம் முறை இப்படி அமைத்தோம்: ஒருவகைக் கணக்கை மூன்று முறை தொடர்ந்து சரியாகப் போட்டால் அதில் புள்ளி முடிந்தது; சில நாள் கழித்து அதே வகையில் வேறொரு கணக்கைச் சரியாகப் போட்டால்தான் மீண்டும் புள்ளி.

இன்னொரு தவறு எங்களை அதிகம் வருத்தியது. எல்லோர் பெயரையும் தரவரிசையில் காட்டியிருந்தோம். கடைசி இடத்தில் இருந்த மாணவி தளத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். யாருக்காக அதை அமைத்தோமோ, அவளையே அது விரட்டிவிட்டது. வரிசையை நீக்கி, சென்ற வாரம் தான் எங்கிருந்தோம், இன்று எங்கிருக்கிறோம் என்பதை மட்டும் அவரவருக்குக் காட்டினோம். அவள் திரும்பி வரச் சில வாரங்கள் ஆயின.

பரிசு ஆர்வத்தைக் குறைக்குமா?

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலைப் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். மற்றொரு பகுதியினருக்குச் சொல்லாமல் பிறகு தந்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் தரவில்லை.

ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத வேளையில் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். முன்பு விளையாட்டாக இருந்தது அவர்களுக்குக் கூலி வேலைபோல் ஆகிவிட்டது எனலாம்.

அப்படியானால் புள்ளிகளே வேண்டாமா? இங்கே நம் இயற்பியல் ஓர் உவமை தருகிறது. அசையாமல் நிற்கும் பீரோவை நகர்த்த முதலில் பெருவிசை தேவை. நிலை உராய்வை வெல்லவேண்டும். நகரத் தொடங்கிய பின் குறைந்த விசையே போதும். நோட்டைத் திறக்கவே தயங்கும் மாணவனுக்குப் புள்ளி அந்த முதல் தள்ளுதல். கணக்கு பிடிபட்டு, விடை கண்ட மகிழ்ச்சியே அவனை இழுக்கத் தொடங்கிய பின் தள்ளுதலைக் குறைத்துவிடலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவனைத் தள்ளவே வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

இதைச் சோதிக்கக் கணிப்பொறி தேவையில்லை. இருபது அட்டைகள் எடுத்து, முன்பக்கம் வினாவும் பின்பக்கம் விடையும் எழுதுங்கள். எதற்கு எத்தனை புள்ளி என்று ஒரு விதியை வகுங்கள். பிறகு உங்கள் வகுப்பிலேயே குறும்பு மிகுந்த நண்பனிடம் அதைக் கொடுத்து, படிக்காமலே புள்ளி சேர்க்க வழி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவன் கண்டுபிடித்தால் விதியைத் திருத்துங்கள். அவன் தோற்று, வேறு வழியின்றிக் கணக்கைப் போடத் தொடங்கினால் உங்கள் விதி நல்ல விதி!