நூற்றடையும் சொல்லுரிமையும்

1928ஆம் ஆண்டிலே பர்மா அரசாங்கம் பாரதியாரின் பாடல் நூல்களைத் தடைசெய்தது. சென்னை அரசாங்கமும் அவ்வழியே சென்று பிரதிகளைப் பறிமுதல் செய்தது. கவிஞர் மறைந்து அப்போது ஏழாண்டுகள் கழிந்திருந்தன. சட்டசபையிலே சத்தியமூர்த்தி அச்செயலைக் கடுமையாகக் கண்டித்தார். இறந்தவரை எத்தடையும் வருத்தாது. பாடுவோரும் பதிப்போரும் படிப்போருமே அதனால் அஞ்சவேண்டியவராயினர். நூற்றடையின் இயல்பு இதனால் ஒருவாறு விளங்கும்.

இலங்கையிலே அண்மையில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம், தமிழ் கற்பித்த இளம் ஆசிரியர். அவருடைய ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. 2020 மே மாதத்தில் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். தீவிரவாதத்தை அந்நூல் பரப்புகின்றது என்பது குற்றச்சாட்டு. தமிழறிந்தோர் அதனைப் படித்தபோது கண்டவையோ வன்முறையை வெறுக்கும் பாடல்கள். உவமையும் குறிப்பும் மொழிபெயர்ப்பிலே நழுவிவிடுவன என்பதை ஐயந்திரிபறக் கற்றோர் அறிவர். போரைப் பாடினோரெல்லாம் போரை விரும்பினோர் எனக் கொள்ளின், களவழியும் பரணியும் பாடிய புலவர் யாவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்றல் வேண்டும்! பத்தொன்பது மாதங்கள் தடுப்பிலிருந்த அவர், 2021 டிசெம்பரிலே பிணையில் வந்தார். 2023 டிசெம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நூலாசிரியரையே அடைத்துவிட்டால் நூலுக்கெனத் தனித் தடைக்கட்டளை மிகையன்றோ?

இஃது ஓரினத்துக்கு மாத்திரம் நேர்ந்த இடரன்று. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் ஒரு சிறுகதையின் பொருட்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார்.

எழுத்து எதுவும் தீங்கு செய்யாது என்று கூறுதல் பேதைமை. கொலைக்குத் தூண்டும் எழுத்தைச் சட்டம் தண்டித்தல் முறையே. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையையும் வெளியீட்டுரிமையையும் அளிக்க, 15ஆம் உறுப்புரை அவற்றுக்கு வரம்பும் வகுக்கின்றது. ஆயினும் நூலை முழுதும் படித்து, அம்மொழி வல்லாரின் சான்று கேட்டு, நீதிமன்றமே அவ்வரம்பு மீறப்பட்டதா எனத் துணிதல் வேண்டும். முதலிற் சிறை, பின்னர் வாசிப்பு என்னும் ஒழுங்கில் நீதிக்கு இடமில்லை.

கவிஞருக்குத் தீர்ப்புக் கிடைத்தது. அவர் அடைபட்டிருந்த நாள்களிலே கண்டியிலோ கம்பளையிலோ ஓராசிரியர், வம்பு வேண்டாமென்று கருதி, மாணவனொருவனின் நல்ல கவிதையைப் பாடசாலை மலரிற் சேர்க்காது மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருப்பின், அக்கவிதைக்காக மேன்முறையீடு செய்ய எந்த நீதிமன்றமும் இல்லை.