கண்ணை நம்புவதா, கருவியை நம்புவதா?

உட்செவியும் உடல் சமநிலையும் பற்றிக் கற்பிக்கும்போது, நான் சிறிய விமானங்களை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு.

அமெரிக்காவில் சொந்த விமானம் ஓட்டுபவருக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, பார்வை விதிகளின்படி பறப்பது. தொடுவானத்தையும் தரையையும் கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டும், மேகத்துக்குள் நுழையக்கூடாது. கட்டுப்பாட்டு வான்பகுதியில், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 3 மைல் தொலைவாவது தெரிய வேண்டும். மற்றொன்று, கருவி விதிகளின்படி பறப்பது. இதற்குத் தனித் தகுதியும் தரைக் கட்டுப்பாட்டின் அனுமதியும் தேவை.

1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் பார்வை விதிகளின்படி மார்த்தாஸ் வினியார்டு தீவுக்குப் புறப்பட்டார். கருவித் தகுதி அவரிடம் இல்லை. வானிலை அறிக்கைகளும் தடை சொல்லவில்லை. ஆனால் கடல்மேல் இருளும் மூட்டமும் தொடுவானத்தை மறைத்தன. விமானம் கடலில் விழுந்து மூவர் இறந்தனர். திசையுணர்வுக் குழப்பமே காரணம் என விசாரணை முடிவு கூறியது.

ஏன் இப்படி? மாணவர் ஒருவரைச் சுழல் நாற்காலியில் அமர்த்தி, கண்ணை மூடச்செய்து, சீராக, மெதுவாகச் சுற்றுங்கள். சுழலும் திசையை விரலால் காட்டச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் அரைவட்டக் குழல்களின் திரவமும் அதே வேகத்தில் சுழலும், "நின்றுவிட்டது" என்பார். நிறுத்தினால், எதிர்த்திசையைக் காட்டுவார்.

விதி அனுமதிக்கிறது என்பதாலேயே பயணம் பாதுகாப்பானது ஆகிவிடாது. "போகும் வழியெல்லாம் தொடுவானம் தெரியுமா?" என்பதே விமானி கேட்க வேண்டிய கேள்வி. இதை வகுப்பில் விவாதிக்கலாம்.