தியத்தீராவின் பந்தி

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் உள்ளன. அவற்றில் மிக நீளமானது, ஏழு ஊர்களில் அதிகம் பேசப்படாத தியத்தீராவுக்குப் போனது. துருக்கியின் இன்றைய அக்கிசார்தான் அந்த ஊர். அங்கிருந்த விசுவாசிகளிடம் அன்பும் ஊழியமும் பொறுமையும் இருந்தன. அவை நாளுக்கு நாள் கூடியும் வந்தன. இவ்வளவு பாராட்டிவிட்டு, கடிதம் ஒரு குற்றம் சாட்டுகிறது. யேசபேல் என்று அது பெயர் சூட்டும் ஒரு பெண், விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடவும் ஒழுக்கம் தவறவும் சபையாருக்குக் கற்றுக்கொடுத்தாள். சபை அவளைப் பேசவிட்டுச் சும்மா இருந்தது.

நல்ல மனிதர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்? விடை அவர்களுடைய பிழைப்பில் இருக்கலாம். சாயக்காரர், தோல் பதனிடுவோர், குயவர், ரொட்டி சுடுவோர், செம்பு வேலைக்காரர் என்று தொழிலுக்கொரு சங்கம் அந்த ஊரில் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பிலிப்பியில் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்த லீதியாளும் இந்த ஊர்க்காரிதான், இரத்தாம்பரம் விற்றவள். அந்தக் காலத்துச் சங்கங்கள் தெய்வத்துக்குப் படைத்துவிட்டுத்தான் பந்தி வைக்கும். விரல் இடுக்கில் சாயக் கறை போகாத ஒருவன் அந்தப் பந்திக்கு வரவில்லை என்றால், சக தொழிலாளிகளின் கண்ணில் உடனே பட்டுவிடுவான். சரக்கு வாங்குகிறவனும் விற்கிறவனும் அங்கே உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். சாப்பிட்டால் தப்பில்லை என்று சபைக்குள்ளேயே ஒரு குரல் சொன்னபோது அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! பாவத்தைச் சகித்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அது துணிச்சலாக வருவதில்லை, வயிற்றுப்பாட்டின் வழியாக வருகிறது. அதனால்தான் தேவனுக்கு உண்மையாயிருப்பதன் விலையும் அங்கேயே கேட்கப்படுகிறது.

மற்றவர்களைத் தீர்ப்பிடாதிருங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்க, இந்தக் கடிதத்தின் கண்டிப்பு கடுமையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாவத்தை ஒழிக்கிறோம் என்று கிளம்பி மனிதரை எரித்த வரலாறும் திருச்சபைக்கு உண்டு. ஆனால் இந்தக் கடிதம் யாரை நோக்கிப் பேசுகிறது? சங்கங்களைக் கலைக்கவோ கோயிலை இடிக்கவோ அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தங்கள் நடுவே எதை அனுமதிக்கிறோம் என்று பார்க்கும்படி சபையாரிடம்தான் கேட்கிறது. கொரிந்தியருக்கு எழுதியபோது பவுலும் வெளியே இருப்பவர்களைத் தேவனிடம் விட்டுவிட்டார். ஊரைத் திருத்தக் கிளம்புகிறவனுக்கு இதில் ஆதாரம் கிடைக்காது. சபைக்குள் நடக்கும் தவறை, நன்கொடை தருகிறவர் மனம் நோகுமே என்று மூடி மறைப்பவர்களுக்குத்தான் இது சுடும்.

அந்தப் பெண்ணுக்கும் மனந்திரும்பத் தவணை கொடுத்ததாகக் கடிதமே சொல்கிறது. தவறைத் தவறென்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது பொறுமை. தியத்தீரா சபை அதைச் சொல்லாமலே காத்திருந்தது. அவளைப் பின்பற்றாத மற்றவர்கள்மேல் வேறு எந்தப் பாரமும் சுமத்தப்படவில்லை; கையில் இருப்பதைப் பற்றிக்கொண்டிருக்கும்படி மட்டும் சொல்லப்பட்டது. கடிதத்தைக் கேட்ட மறுநாள் காலை அவர்கள் அதே சாயத்தொட்டிக்கு, அதே ஆட்களின் நடுவே திரும்பிப் போக வேண்டியிருந்தது.