ஆண்டாள் பாசுரத்துக்கு அரியக்குடி மெட்டு

சோழபுரம், ராஜபாளையம் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. மார்கழி விடியற்காலையில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டிருப்பீர்கள். பாசுரம் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுடையது. கர்நாடக இசை மேடையில் அதற்கு நிலைத்துவிட்ட மெட்டு யாருடையது தெரியுமா?

அரியக்குடி ராமானுஜ ஐயங்காருடையது! காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் 1890-இல் பிறந்தவர். பாட்டே அவருக்கு வாழ்க்கை, மேடையே வீடு. முதலில் ஒரு வர்ணம், பிறகு விறுவிறுவென்று கீர்த்தனைகள், விரிவாக ஒரு ராகம், கடைசியில் துக்கடாக்கள்... இன்றைக்கு எந்த சபாவில் உட்கார்ந்தாலும் வித்வான்கள் பாடுகிற இந்தக் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் என்று இசையுலகம் அவரைத்தான் கொண்டாடுகிறது.

அப்பேர்ப்பட்டவர் திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். முதல் பாசுரத்துக்கு நாட்டை. என்ன கம்பீரமான தொடக்கம்! எம்.எல். வசந்தகுமாரி இந்த மெட்டுகளைப் பாடி இசைத்தட்டு வெளிவந்ததும், சபா வாசலையே மிதிக்காதவர்கள் வீட்டிலும் நாட்டையும் ஆரபியும் ஒலிக்கத் தொடங்கின. ராகத்தின் பெயர் தெரியாமலேயே எத்தனையோ பாட்டிமார் அதைச் சுருதி பிசகாமல் பாடுகிறார்கள், கேட்டிருக்கிறீர்களா?