பட்டமா, பந்தா?

2001-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவில் வட கரோலினா சர்வகலாசாலையின் பட்டமளிப்பு விழா. அங்கியும் தொப்பியும் அணிந்து உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு நடுவில், ஆறரை அடி உயரமுள்ள ஒரு வாலிபர் தனியாகத் தெரிந்தார். அவர் பெயர் வின்ஸ் கார்ட்டர். டொரான்டோ நகரத்துக் கூடைப்பந்துக் கோஷ்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர். நான்கு வருஷப் படிப்பில் மூன்று வருஷம் முடிந்ததும், 1998-ல், கலாசாலையை விட்டு அவர் பந்தாட்டத்தையே தொழிலாக ஏற்றுக்கொண்டவர். விட்ட படிப்பை மறக்காமல் தொடர்ந்து முடித்துவிட்டு, அன்று பட்டத்துக்காக வந்திருந்தார்.

விழாவிலிருந்து நேரே ஆகாய விமானம் ஏறினார். அன்று மாலையே பிலடெல்பியா நகரில் அவருடைய கோஷ்டிக்கு ஏழாவது பந்தயம். இரு கட்சியும் மும்மூன்று பந்தயங்கள் வென்றிருந்தபடியால் அதுவே முடிவான பந்தயம். ஆட்டம் முடிய இரண்டே விநாடிகள் இருக்கும்போது பந்து கார்ட்டர் கைக்கு வந்தது. எறிந்தார். பந்து வளையத்தில் மோதி வெளியே விழுந்தது. 88-க்கு 87 என்று ஒரே ஒரு புள்ளியில் டொரான்டோ தோற்றது.

பிறகு கேட்க வேண்டுமா? "காலையில் பட்டம் வாங்கப் போகாமல் இருந்தால் மாலையில் பந்து கூடைக்குள் விழுந்திருக்கும்" என்று பலர் அவரைத் தூற்றினார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயராகிய எனக்கு அவர்களோடு சேர மனம் வரவில்லை. கார்ட்டரின் தாயாரும் பள்ளி ஆசிரியைதான் என்று பின்னால் அறிந்தபோது, விஷயம் இன்னும் கொஞ்சம் விளங்கிற்று!

ஆனால் இதிலிருந்து, "பையன் முதலிலேயே நான்காவது வருஷத்தையும் இருந்து முடித்திருக்கக் கூடாதா?" என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் நூறு வருஷமாக ஓயாத கேள்வி இது. உபாத்தியாயர்கள் எல்லாரும் யோசியாமல் "இருந்துதான் முடிக்க வேண்டும்" என்று சொல்வார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

அந்நாட்டு ஏற்பாட்டை நேயர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கூடைப்பந்துக்கும், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்துக்கும், கலாசாலைகளே நாற்றங்கால். மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் உட்காரலாம். பல மாகாணங்களில் அரசாங்கச் சம்பளம் வாங்குவோரில் மிக அதிகச் சம்பளம் வாங்குகிறவர் கவர்னர் அல்ல. சர்வகலாசாலையின் பந்தாட்டப் பயிற்சியாளர். தொழில் கோஷ்டிகளின் முதலாளிகள் வருஷத்துக்கு ஒரு முறை கூடி, கலாசாலைகளில் விளைந்த பையன்களை வரிசைக் கிரமமாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள். வரிசையில் முன்னால் அழைக்கப்பட்டவனுக்குக் கோடிக்கணக்கில் பணம். பின்னால் அழைக்கப்பட்டவனுக்கு வேலை நிச்சயமில்லை. இருபது வயதுப் பையன், படிப்பு பாதியில் இருக்கும்போது, போவதா இருப்பதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தகராறை ஆரம்பித்து வைத்தவர் ரெட் கிரேஞ்ச். இலினாய் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டே, விடுமுறையில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து விற்ற ஏழைப் பையன். மைதானத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. 1925 நவம்பரில் கலாசாலைக்காகக் கடைசிப் பந்தயம் ஆடியவன், பட்டத்துக்குக் காத்திராமல், ஐந்தே நாளில் சிகாகோ நகரத்துத் தொழில் கோஷ்டியில் இறங்கிவிட்டான். நாடே அமளிப்பட்டது. பந்து ஆடிப் பணம் வாங்குவது கேவலம் என்றார் அவனுடைய பயிற்சியாளர். "பந்தாடக் கற்பிப்பதற்கு நீங்கள் சம்பளம் வாங்கவில்லையா?" என்று கிரேஞ்ச் திருப்பிக் கேட்டானாம். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எவரும் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

பதிலுக்குப் பதிலாக ஒரு விதி வந்தது. மாணவனுடைய வகுப்பு பட்டம் பெறும் வரை அவனைச் சேர்ப்பதில்லை என்று தொழில் சங்கத்தார் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். கல்வியின் மேல் பக்தியா? அதெல்லாம் இல்லை. கலாசாலைக்கு நட்சத்திர ஆட்டக்காரன் கைநழுவாமல் இருந்தான். முதலாளிகளுக்கு நாலு வருஷம் செலவில்லாமல் பயின்ற ஆள் கிடைத்தான். நடுவிலிருந்த பையனை யாரும் கேட்கவில்லை.

கேட்கும்படி செய்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பியில் பருத்தி எடுத்துப் பத்துக் குழந்தைகளை வளர்த்த ஒரு நீக்ரோத் தாயின் மகன். தாயார் வயலில் குனிந்து நிற்க, தான் இன்னும் இரண்டு வருஷம் இலவசமாகப் பந்தாட வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1971-ல் அவர் பக்கம் ஜயமாயிற்று. இப்பொழுது கூடைப்பந்தில் 19 வயது நிரம்பி, ஹைஸ்கூல் முடிந்து ஒரு வருஷம் ஆனால் போதும். இது 2005-ல் செய்த விதி. கால்பந்தில் மூன்று வருஷம் ஆகவேண்டும்.

"இரு" என்று சொல்பவர்கள் எடுத்த எடுப்பில் காட்டும் உதாரண புருஷர் டிம் டங்கன். கரிபியக் கடலில் செயின்ட் குரோய் என்ற சிறு தீவில் பிறந்தவர். நீச்சல் வீரராகவே வளர்ந்தார். 1989-ல் அடித்த சூறாவளியில் தீவிலிருந்த நீச்சல் குளம் பாழானது. மறு வருஷம், அவருடைய பதினாலாவது பிறந்த நாளுக்கு முந்தின தினம், தாயார் புற்றுநோயால் காலமானார். கலாசாலைப் படிப்பை முடித்துப் பட்டம் பெறுவதாக மகன் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு பந்தைக் கையில் எடுத்து, வேக் பாரஸ்ட் சர்வகலாசாலையில் சேர்ந்து, நாடறிந்த ஆட்டக்காரரானார். கோடிகள் வாசலில் வந்து நின்றன. டங்கன் அசையவில்லை. நாலு வருஷமும் இருந்து, மனோதத்துவத்தில் பட்டம் பெற்று, 1997-ல் முதல் ஆளாகப் பொறுக்கப்பட்டார். சான் அன்டோனியோ நகரத்துக்கு ஐந்து முறை வெற்றிப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

படித்தால் கண் பனிக்கிறது. ஆனால் இதே டங்கனுக்கு 2000-ம் வருஷம் முழங்காலில் அடிபட்டு, அவ்வருஷத்து முக்கியமான பந்தயங்களில் ஆட முடியாமற் போயிற்று. அது தொழிலில் சேர்ந்த பிறகு வந்த அடி; சம்பளம் நின்றுவிடவில்லை. மூன்று நாலு வருஷம் முந்தி, கலாசாலையில் இருக்கும்போது பட்டிருந்தால்? விதி டங்கனுக்குச் செய்த உபகாரம் அது. எல்லாருக்கும் அப்படிச் செய்வதில்லை.

மார்க்கஸ் லாட்டிமோர் என்ற பையனுடைய கதையைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நியாயமாகாது. தென் கரோலினா சர்வகலாசாலையில் 2010-ல், முதல் வருஷத்திலேயே, பந்தோடு ஓடுவதில் புகழ் பெற்றுவிட்டான். மூன்று வருஷ விதி அவனைப் போக விடவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு முழங்கால் போயிற்று. தேறி வந்தான். மூன்றாம் வருஷம், 2012 அக்டோபரில், மற்ற முழங்கால் பார்க்கச் சகியாதபடி பிசகிவிட்டது. விழுந்து கிடந்தவனைச் சுற்றி எதிர்க் கட்சிக்காரர்களும் வந்து நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோ கோஷ்டி நாலாவது சுற்றில் அவனை எடுத்துக்கொண்டது. ஆயினும் ஒரு பந்தயத்திலும் ஆடாமலே 2014-ல் அவன் விலகினான். பந்தோடு ஓடுகிறவனுடைய கால்களுக்கு ஆயுசு மிகக் குறைவு. அதில் மூன்று வருஷத்தைக் கலாசாலைக்காகச் செலவழித்தாயிற்று. புஸ்தகத்தை நாற்பது வயதிலும் திறக்கலாம். முழங்காலுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, இருந்தவர்கள் படித்தார்களா? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. டெக்ஸ்டர் மான்லி என்ற கால்பந்து வீரர் ஓக்லஹாமா மாகாணச் சர்வகலாசாலையில் நாலு வருஷம் இருந்தவர். 1989-ல் அமெரிக்க ஸெனட் கமிட்டியின் முன் நின்று, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாமலே அத்தனை வருஷமும் கழிந்ததென்று கண்ணீருடன் ஒப்புக்கொண்டார். வகுப்பு வகுப்பாக அவரைத் தள்ளிவிட்டவர்களும் உபாத்தியாயர்கள்தாமே! அதை நினைக்கும்போது என் தொழில் எனக்கே கூச்சமாயிருக்கிறது. காலையில் கார்ட்டர் அங்கி அணிந்து நடந்தாரே, அந்த வட கரோலினாவிலும் 1993 முதல் 2011 வரை 18 வருஷம், வகுப்பே கூடாத பாடங்களில் மார்க்கு வழங்கப்பட்டது என்று 2014-ல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. அப்படி மார்க்கு பெற்றவர்கள் 3,100-க்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆட்டக்காரர்கள். இதைக் கொண்டு அங்கே படித்த ஒவ்வொருவரையும் சந்தேகிப்பது அநியாயம். ஆனால் "இருந்து படி" என்று பையனுக்கு உபதேசிப்பவர்கள், படிப்பு அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2024 முதல் பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலை, "அட்லாண்டிக் கரை" என்ற பெயருடைய பந்தயக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பூகோளம் தெரியாதா, என்ன! தொலைக்காட்சிப் பணம் பூகோளத்தை மாற்றிவிட்டது. இதனால் பையன்கள் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசத்தைத் தாண்டிப் பறக்கிறார்கள். எப்பொழுது புஸ்தகம் திறப்பார்கள்?

இப்போது நிலைமை இன்னொரு விதமாகத் தலைகீழாகியிருக்கிறது. 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் கோர்ட்டு அங்கீகரித்த ஒரு சமரசப்படி, 2025-26-ல் ஒவ்வொரு சர்வகலாசாலையும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை அவர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம் என்று ஏற்பட்டது. ஆகவே முன்பு பணத்துக்காகப் போனவர்கள், இப்போது பணத்துக்காகவே இருக்கிறார்கள்! பெண்கள் விஷயத்தில் இது இன்னும் விசித்திரம். பெய்ஜ் பெக்கர்ஸ் என்ற கூடைப்பந்து வீராங்கனை 2024-ல் போயிருக்கலாம். போகாமல் கனெக்டிகட்டில் இன்னொரு வருஷம் இருந்தார். 2025 ஏப்ரலில் கலாசாலைகளின் வெற்றிக் கிண்ணத்தை வென்று, அதே மாதம் முதல் ஆளாகப் பொறுக்கப்பட்டார். பெண்கள் தொழில் சங்கத்தில் அப்போது முதல் ஆளுக்குரிய முதல் வருஷச் சம்பளம் 80,000 டாலருக்கும் குறைவு. கலாசாலைப் புகழைக் கொண்டு அதைவிட எத்தனையோ மடங்கு சம்பாதிக்கலாம். இதில் இருப்பதற்கு நஷ்டம் எங்கே?

ஆனால் பணத்துக்காக இருப்பவர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இந்த வருஷம் ஒரு கலாசாலை, அடுத்த வருஷம் அதிகம் கொடுக்கும் வேறு கலாசாலை. ஓரிடத்தில் தேறிய பாடம் மற்றோரிடத்தில் பட்டத்துக்குச் சேராமல் போவதுண்டு. நாலு வருஷமும் சர்வகலாசாலையிலேயே கழித்துவிட்டு, பட்டமில்லாமல் வெளியே வருவதற்கு இது ஒரு புது வழி.

இவ்வளவும் பார்த்த பிறகு என் அபிப்பிராயம் மாறிவிட்டது. பையனைப் பிடித்து வைப்பதில் பிரயோஜனமில்லை. வகுப்பில் அவன் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கூடைப்பந்தில் முதல் சுற்றில் பொறுக்கப்படும் சுமார் 30 பேருக்கு இரண்டு வருஷச் சம்பளம் நிச்சயம். அந்த வரிசையில் அழைப்பார்களென்று நன்றாகத் தெரிந்தால் பையன் போகட்டும். இரண்டாவது சுற்றுக்காரனுக்கு அந்த நிச்சயம் இல்லை. அவன், தாயார் சொல்லாவிட்டாலும், இருப்பதே புத்தி. டங்கனைப் போல் படிப்பில் உண்மையான ருசி கண்டவன் இருந்தால், அவனை யாரும் பைத்தியக்காரன் என்று சொல்லவும் வேண்டாம். ஆண்ட்ரு லக் என்ற கால்பந்து வீரர் அப்படித்தான் 2011-ல் ஸ்டான்போர்டில் தங்கி, கட்டட அமைப்புக் கலையில் பட்டமும் பெற்றார், முதல் ஆளாகவும் பொறுக்கப்பட்டார். காயத்தின் மேல் காயம் பட்டு, 29 வயதில் ஆட்டத்தை விட்டார். பிறகு அதே ஸ்டான்போர்டுக்குத் திரும்பி, கல்வித் துறையில் மேற்படிப்பில் சேர்ந்தார். எங்கள் பக்கம் ஒருவர் வந்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

திரும்பி வருபவனுக்கு இடமுண்டா என்பதே கேள்வி. பாதியில் போன கூடைப்பந்து மாணவன் பத்து வருஷத்துக்குள் திரும்பினால், பழைய கலாசாலையே சம்பளமும் புஸ்தகச் செலவும் கொடுத்துப் பட்டம் வரை படிக்க வைக்க வேண்டும் என்று 2018-ல் முதல் வகுப்புக் கலாசாலைகளுக்கு ஒரு விதி செய்தார்கள். நூறு வருஷத் தகராறில் நான் கண்ட நல்ல விதி இது ஒன்றுதான். அதிலும் ஒரு குறை வைத்தார்கள்: இரண்டு வருஷமாவது படித்துவிட்டுப் போனவனுக்கே இந்தச் சலுகை. ஒரே வருஷம் இருந்து, பந்தயங்களில் ஜயித்துக் கொடுத்து, கலாசாலைக்குப் பணமும் பேரும் சேர்த்துவிட்டுப் போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இல்லை. படிப்பு மிக மிகப் பாக்கியிருப்பது அவனுக்கல்லவா?

ஷக்கீல் ஓநீல் என்ற ஏழடி ஓரங்குல மனிதரும் தாயாருக்கு வாக்குக் கொடுத்தவர்தான். டங்கனைப் போல் அவர் இருக்கவில்லை. 1992-ல் மூன்று வருஷத்தோடு லூசியானா மாகாணச் சர்வகலாசாலையை விட்டுப் போனார். பணமும் கீர்த்தியும் மலை போல் குவிந்தன. ஆயினும் விட்ட பாடங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தார். 2000 டிசம்பரில் பயிற்சியாளரிடம் ஒரு பந்தயத்துக்கு லீவு கேட்டார், அவரும் கொடுத்தார். பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "இனிமேல் எனக்கு ஒரு நல்ல உத்தியோகம் கிடைக்கும்" என்கிற தோரணையில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். அதோடு நிற்கவுமில்லை. 2012-ல் கல்வித் துறையிலேயே டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.