எட்டு மாடிப் பள்ளிக்கூடம்

டெட்ராயிட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மோட்டார் கார்தானே? ஃபோர்டு காரை உலகத்துக்கு அனுப்பிய ஊர். அங்கே புகைபோக்கியையும் ஆலைச் சங்கையும் தவிர வேறு என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் ஒரு ஹைஸ்கூல் உண்டு. 1950-ம் வருஷத்தை ஒட்டி நீங்கள் அதற்குள் போயிருந்தால், ஒரு பக்கம் இரும்பை ராவும் ஓசை, இன்னொரு பக்கம் தையல் மிஷின் ஓடும் ஓசை, வேறொரு பக்கம் யாழின் நாதம் என்று மூன்றும் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

காஸ் டெக்னிகல் ஹைஸ்கூல் என்று பெயர். 'காஸ் டெக்' என்று செல்லமாகச் சொல்வார்கள். 1907-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம், 1922-ல் எட்டு மாடிக் கட்டடத்துக்குக் குடிபோயிற்று. எட்டு மாடியா என்று மலைக்காதீர்கள். தொழில் கற்றுக்கொடுப்பதென்றால் பட்டறை வேண்டும், வரைபடக் கூடம் வேண்டும், ரசாயன சாலை வேண்டும். (அந்த ரசாயனப் பாடத்தை நடத்திய ஆசிரியைகளில் ஒருவர் யார் தெரியுமா? 1927-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனியாக விமானத்தில் தாண்டினாரே லிண்ட்பர்க், அவருடைய தாயார்!)

ஊரின் எந்த மூலையிலிருந்தும் இங்கே வந்து சேரலாம்; ஆனால் நல்ல மார்க்கு வேண்டும். சேர்ந்த பிறகு, காலேஜில் செய்வதுபோல ஏதாவது ஒரு துறையை முக்கிய பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் யந்திரமும் ஒரு துறைதான், குடும்பக் கலையும் ஒரு துறைதான், சங்கீதமும் ஒரு துறைதான்.

குடும்பக் கலைக்கு மார்க்கா என்று சிரிக்கிறீர்களா? 'சமையலையும் தையலையும் அம்மாவிடம் கற்றுக்கொண்டால் போதாதா?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். இதைப் படிப்பாக்கியவர்களில் முதலாகச் சொல்ல வேண்டியவர் எல்லன் ரிச்சர்ட்ஸ் என்ற அம்மாள். மாஸசூஸெட்ஸ் தொழில்நுணுக்கக் கழகத்தில் முதன்முதலாகப் படித்துப் பட்டம் பெற்ற பெண்மணி அவர், வருஷம் 1873. ரசாயனம் படித்தவர். குடிதண்ணீரைச் சோதிப்பதில் நிபுணி. தண்ணீரும் நெருப்பும் உணவும் உள்ள இடத்தில் ரசாயனம் இல்லாமல் போகுமா? அடுப்பங்கரைக்கும் விஞ்ஞானம் தேவை என்று அவர் விடாமல் சொல்லி வந்தார். 1908-ல் அமெரிக்கக் குடும்பக் கலைச் சங்கம் உருவானபோது அவரையே முதல் தலைவராக்கினார்கள். 1917-ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்து, விவசாயம், கைத்தொழில், குடும்பக் கலை மூன்றையும் கற்பிக்கப் பணம் ஒதுக்கிற்று. அதன் பிறகு ஹைஸ்கூல்களில் அடுப்பு எரியத் தொடங்கியதில் ஆச்சரியம் என்ன?

வகுப்பு எப்படி நடக்கும் என்றால், ஒரே பெரிய அறைக்குள் நாலைந்து குட்டிச் சமையலறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு மேஜை. நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு குடும்பம் மாதிரி. இன்று சமைப்பவள் நாளை பாத்திரம் தேய்ப்பாள். அந்த வேலையிலிருந்து யாரும் தப்ப முடியாது. யுத்த காலத்தில், 1943-ல், எந்தெந்த உணவை அன்றாடம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் ஏழு பிரிவுகளாகப் பிரித்துப் படம் போட்டது. அதில் வெண்ணெய்க்குத் தனி இடம்! 1956-ல் ஏழை நாலாகச் சுருக்கியபோது வெண்ணெய்க்கு அந்த மரியாதை போய்விட்டது. தையலில் முதலில் ஏப்ரன், பிறகு பாவாடை, அதன் பிறகுதான் முழு கவுன். வரவு செலவுக் கணக்கும் குழந்தை வளர்ப்பும் இந்தப் பாடத்திலேயே அடக்கம்.

எல்லாம் சரி, ஆனால் அநேகப் பள்ளிக்கூடங்களில் பெண் என்றால் சமையலறை, பையன் என்றால் பட்டறை என்று முன்கூட்டியே தீர்த்துவிட்டார்கள். ரம்பம் பிடிக்க ஆசைப்பட்ட பெண்ணும், ரொட்டி சுட ஆசைப்பட்ட பையனும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்வியில் ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்று 1972-ல் சட்டம் வந்த பிறகே இந்த வேலி விழுந்தது.

காஸ் டெக்கில் உடை அலங்காரம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஏழை ஜனங்களுக்காகக் கட்டிய சர்க்கார் குடியிருப்பில் வளர்ந்தவள்; ஆறு குழந்தைகள் உள்ள கறுப்பினக் குடும்பம். அளவெடுக்கவும் வெட்டவும் தைக்கவும் அங்கே கற்றாள். தோழிகளோடு சேர்ந்து பாட்டுக் கச்சேரி செய்யக் கிளம்பியபோது, பட்டு வாங்கக் கையில் பணமில்லை. ஆனால் தைக்கத் தெரியும். ஆரம்ப நாட்களில் மேடைக்கு வேண்டிய உடுப்புகளில் அவள் கைவேலையும் உண்டு. 1962-ல் பள்ளிப் படிப்பை முடித்தாள். 'சுப்ரீம்ஸ்' குழுவின் டயானா ராஸ்தான் அந்தப் பெண்! 1964-ல் தொடங்கி அமெரிக்காவில் அவர்களுடைய பாட்டுகள் பன்னிரண்டு முதலிடம் பிடித்தன.

சங்கீதத்துக்கு வருவோம். அங்கே 1925-லிருந்து ஹார்ப் என்ற பெரிய யாழைச் சொல்லிக்கொடுத்தார்கள். தொடங்கி வைத்தவர் வெல்மா ஃப்ரூட் என்ற ஆசிரியை. பணக்கார வீட்டு வரவேற்பறையில் தங்க முலாம் பூசி நிற்கும் வாத்தியம் அது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதைச் சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தது இந்தப் பள்ளிக்கூடம். அப்படிக் கற்ற கறுப்பினப் பெண் டோரதி ஆஷ்பி, யாழை ஜாஸ் சங்கீதத்துக்குக் கொண்டுபோனார். 'ஜாஸுக்கு யாழா!' என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம். 1957-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

இன்னொருவர் கதையைக் கேளுங்கள். ரான் கார்ட்டர் பத்து வயதிலிருந்து செல்லோ வாசித்தவர். செல்லோ என்பது பிடிலுக்குப் பெரிய அண்ணா. காஸ் டெக்கில் படிக்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். விருந்து, கூட்டம் என்று வெளியே வாசிக்க அழைப்பு வந்தால் அது வெள்ளைக்காரப் பையன்களுக்கே போயிற்று. பள்ளிக்கூடம் வித்தையைக் கொடுத்தது, ஊர் அழைக்கவில்லை. என்ன செய்வது? ஆர்கெஸ்ட்ராவில் டபிள் பேஸ் வாசித்த பையன் படிப்பை முடித்துவிட்டுப் போகிற சமயம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்த ராட்சசப் பிடிலுக்கு வேறு ஆள் இல்லை. தான் அதைக் கற்றுக்கொண்டால் தன்னைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்! 1954-ல் வாத்தியத்தை மாற்றிக்கொண்டார். 1959-ல் ஈஸ்ட்மன் சங்கீதக் கல்லூரியில் பட்டமும் வாங்கினார். ஆனாலும் அந்தக் காலத்தில் பிரபல கண்டக்டர் ஸ்டொகாவ்ஸ்கி, 'உன் வாசிப்பு நன்றாயிருக்கிறது. ஆனால் கறுப்பரைச் சேர்த்துக்கொள்ள எங்கள் நிர்வாகம் தயாராக இல்லை' என்ற தோரணையில் சொல்லிவிட்டதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அதன் பின் ஜாஸ்தான். 1963-ல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். அதே இடத்தில் அதற்கு முன் பல வருஷம் பேஸ் வாசித்த பால் சேம்பர்ஸும் காஸ் டெக் மாணவர்தான்! 2015-ல் கின்னஸ் புத்தகத்தார் கணக்கெடுத்தபோது, கார்ட்டர் வாசித்த ஒலிப்பதிவுகள் 2,221 இருந்தன.

பழைய எட்டு மாடிக் கட்டடத்தை 2011-ல் இடித்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2005-ல், பள்ளிக்கூடம் பக்கத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. யாழ்களும் கூடவே போயின.